ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள், போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். என்னை மாதிரி ஆள் என்னதான் செய்ய முடியும்?

வாய்க்கால்மேடு:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு ஊராட்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 34. கட்சி எதுவும் கிடையாது, எந்தக் கொடியையும் பிடித்ததில்லை.

எங்கள் தெருவுக்கு பேவர் பிளாக் போட்டார்கள். பாதித் தெரு வந்ததும் வேலை நின்றுவிட்டது, மீதிப் பாதியில் ஜல்லி கொட்டியது கொட்டியபடி கிடக்கிறது, மழை பெய்தால் பைக் ஓட்ட முடியாது. ஆனால் கோயில் சுவரோரம் நட்டிருக்கும் பணி விவரப் பலகையில் மொத்தத் தெருவும் போட்டு முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறது. தொகை 4 லட்சத்து 80 ஆயிரம், முடித்த தேதி உட்பட. அந்தப் பலகையை ஒரு படம், அதற்குப் பின்னால் தெரிகிற ஜல்லிக் குவியலை ஒரு படம் எடுத்து எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "மீதித் தெரு எங்கேப்பா?" என்று கேட்டேன். யார் பெயரையும் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. "உன் மேல ஒரு பெட்டிஷன் வந்திருக்கு, சாயங்காலம் வந்துட்டுப் போ." ஆறு மணிக்குப் போனேன், ஒன்பதரை வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு கெட்ட வார்த்தை, அதுவும் போகிற போக்கில். போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் வெள்ளைத்தாளில் ஏதோ எழுதி, "கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு" என்றார். போட்டேன், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை. நாள் முழுக்க ஊராருடைய பத்திரத்தையும் பட்டாவையும் படித்துச் சொல்கிறவன் என் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

மறுநாள் பார்த்தால் பலகைக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். குழுவில் இருந்த 212 பேரில் முப்பது நாற்பது பேர் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார்கள். அட்மின் நான்தான், குழுவைக் கலைத்துவிடச் சொல்லி மனைவி தினமும் சொல்கிறாள். அப்பா ஒரே வார்த்தை, "நமக்கெதுக்குடா வம்பு."

என் கேள்வி இதுதான். பேச்சுரிமை, கருத்துச் சுதந்திரம் என்று எல்லோரும் எழுதுகிறோம், சரி. காலையில் ஒன்பது மணிக்குக் கடை திறந்தாக வேண்டிய ஒருவன், வக்கீல் வைக்கக் காசில்லாதவன், அதைக் காப்பாற்றிக்கொள்ள நடைமுறையில் என்ன செய்யலாம்? வீரவசனம் வேண்டாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புக்கோட்டு_ஜூனியர்:

நண்பரே, முதலில் அந்தக் காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாமல் மேற்கொண்டு எதுவும் பேசுவதில் பயனில்லை. பெரும்பாலும் "இனிமேல் இதுபோல் பதிவிட மாட்டேன்" என்கிற ரகமாக இருக்கும். எங்கள் சீனியரிடம் வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.

நடந்ததற்குப் பெயர் மனு விசாரணை. எஃப்.ஐ.ஆர் போட்டிருந்தால் கதையே வேறு. பெட்டிஷன் வந்தது உண்மையானால் அதற்கு சி.எஸ்.ஆர் எண், அதாவது மனுவைப் பதிந்துகொண்டதற்கான ரசீது எண், இருக்கும். போய், "என் மேல் வந்த மனுவின் சி.எஸ்.ஆர் எண் என்ன, தேதி என்ன" என்று கேளுங்கள். எண் இல்லை என்றால் மனுவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், போனில் கூப்பிட்டதும் ஓடியிருக்க வேண்டியதில்லை. மனு விசாரணைக்கு ஆளைக் கூப்பிடுவதானால் தேதியும் நேரமும் போட்ட எழுத்துப்பூர்வமான சம்மன் கொடுக்க வேண்டும், நடந்ததை ஸ்டேஷன் பதிவேட்டில் எழுத வேண்டும், வந்தவரைத் தொல்லை செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவு போட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ் வந்துவிட்டது, ஆனால் சாரம் மாறவில்லை. சாட்சியாகக் கூப்பிட்டால் பிரிவு 179, குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிட்டால் பிரிவு 35(3), இரண்டுமே எழுத்தில்தான். பெண்கள், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், 60 தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் ஸ்டேஷன் வாசலில் நின்று வாதாட வேண்டாம், வாதாடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "சார், கண்டிப்பா வர்றேன், ஒரு நோட்டீஸ் மட்டும் குடுத்துடுங்க, கடைய மூடிட்டு வரணும், வீட்ல காட்டணும்" என்று பவ்யமாகக் கேளுங்கள். பாதிக் கூப்பிடல் அங்கேயே அடங்கிவிடும், காரணம், நோட்டீஸ் எழுதினால் எழுதியவர் பெயர் அதில் ஏறிவிடுகிறது.

கையெழுத்து விஷயம்: வழக்குப் பதிவாகிப் புலன்விசாரணை நடக்கும்போது போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கொடுத்தவரின் கையெழுத்தே வாங்கக்கூடாது, பிரிவு 181. உங்களுடையது மனு விசாரணை என்பதால் அது நேராகப் பொருந்தாது. ஆனால் படித்துப் பார்க்கவும் பிரதி கேட்கவும் உங்களை யாரும் தடுக்க முடியாது. பிரதி தர மறுத்தால் கையெழுத்துக்குக் கீழே "படித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டுவிடுங்கள்.

ஆறிலிருந்து ஒன்பதரை என்று சரியாகச் சொல்கிறீர்கள் பாருங்கள், அதுதான் உங்கள் சொத்து. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராந்தா எல்லா இடத்திலும் சத்தமும் பதிவாகும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. அதே வருடம் ஜூனில்தான் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்தார்கள். அங்கே பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்பது விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரின் அறிக்கையிலேயே இருக்கிறது. அன்றிரவு அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே, "இந்தத் தேதி, இந்த நேரத்துக்கான கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும்" என்று எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதிவு கிடைக்குமா என்று கேட்டால் எனக்கு உறுதியில்லை. கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதே அடுத்த முறை உங்களிடம் பேசுகிற தொனியை மாற்றும்.

கடிதம் என்றால் சிரிக்காதீர்கள். கைது செய்ததும் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும் என்று இன்று நாம் சொல்கிற டி.கே. பாசு தீர்ப்பு இருக்கிறதே, 1996-இல் வந்தது. அதன் மூலமே 1986 ஆகஸ்டில் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றிலிருந்து டி.கே. பாசு என்பவர் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம்தான். லாக்கப் மரணங்கள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளை வைத்து எழுதினார், அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டார்கள். பத்து வருடம் ஆனது என்பதையும் மறைக்கவில்லை.

குழுவைக் கலைக்க வேண்டாம். வேறொருவர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் பொறுப்பாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லிவிட்டது. நீங்கள் போட்டதற்கு நீங்கள் பொறுப்பு, அது வேறு. யாராவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ என்று மிரட்டினால் அந்தப் பிரிவு 2015 மார்ச் 24-ஆம் தேதியே செத்துப்போய்விட்டது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். செத்த பிரிவில் அதற்கப்புறமும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தச் சொல்லி 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நம்ம லட்சணம் அப்படி.

வக்கீலுக்குக் காசில்லை என்றீர்கள். 15100-க்கு அடியுங்கள், இல்லையானால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், நேரில் போங்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமானமே பார்க்காமல் இலவசம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

வெறுத்தவன்:

மேலே தம்பி சொன்னது எல்லாம் புத்தகத்துக்கு நல்லா இருக்கு. எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான் தெருவிளக்கு எரியலைன்னு மனுப் போட்டார். அடுத்த வாரம் அவர் பெட்டிக்கடைக்கு லைசென்ஸ் கேட்டு ஆள் வந்தது, அதுக்கு அடுத்த வாரம் குப்பை வரி பாக்கின்னு வந்தது. எல்லாமே சட்டப்படிதான்! யாரும் அவரை மிரட்டலை. விளக்கு இன்னும் எரியலை. அவரு இப்ப வீட்டு வாசல்ல சொந்தக் காசுல பல்பு போட்டிருக்கார்.

சாதாரண ஆளுக்குச் சுதந்திரம் இருக்கிறது ஓட்டுப் போடுற அந்த ஒரு நாள், அதுவும் பேர் லிஸ்ட்ல இருந்தாத்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் அப்பா சொல்றதைக் கேளுங்க.

ஓய்வூதியர்_பழைய_கிளார்க்:

வெறுத்தவன் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. நான் 31 வருடம் அரசு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், அந்த லைசென்ஸ் ஆளை யார் அனுப்பியிருப்பார்கள், எப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த மாமா செய்த தப்பு ஒன்றுதான், தனியாகப் போட்டார். ஒரே ஆளிடமிருந்து மனு வந்தால் அலுவலகம் அந்த ஆளைப் பார்க்கும். ஒரே கேள்வி வெவ்வேறு தெருவிலிருந்து ஏழு பேர் கையெழுத்தில் வந்தால் வேறு வழியில்லாமல் கோப்பைப் பார்க்கும். ஏழு பெட்டிக்கடைக்கும் லைசென்ஸ் கேட்டு ஆள் அனுப்ப முடியாது தம்பி, ஆளே கிடையாது.

ஜெராக்ஸ் தம்பிக்குச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்வியை அப்படியே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தால் உன்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றியிருக்காது. குழுவில் கேட்டது தப்பு என்று சொல்லவில்லை, அது உன் உரிமை. இருந்தாலும் காகிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், வாட்ஸ்அப்புக்கு வேண்டியதில்லை.

இந்தச் சட்டமே எப்படி வந்தது என்று நினைக்கிறாய்? ராஜஸ்தானில் கூலிக்காரர்கள் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. 1990 மே 1 அன்று அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அருணா ராய் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டுப் போனவர், நிகில் டே, சங்கர் சிங் எல்லோரும் சேர்ந்து. வறட்சி நிவாரண வேலைக்குக் கூலி குறைத்துக் கொடுத்தார்கள், ஏன் என்று கேட்டால் "மஸ்டர் ரோலில் அப்படித்தான் இருக்கிறது", வேலை செய்தவர் பெயரும் கூலியும் எழுதுகிற அந்த மஸ்டர் ரோலைக் காட்டு என்றால் "அது ரகசியம்". 1994 டிசம்பரிலிருந்து ஊர் ஊராகப் பந்தல் போட்டு, கிடைத்த மஸ்டர் ரோலை உரக்கப் படித்தார்கள். பெயர் படிக்கப் படிக்க, "நான் அந்த வேலைக்கே போகவில்லையே" என்று ஆட்கள் எழுந்து நின்றார்கள். 1996-இல் பியாவர் ஊரில் 40 நாள் தர்ணா. 2005-இல் நாடு முழுமைக்கும் சட்டம், அக்டோபர் 12 முதல் நடைமுறை. நம்ம தமிழ்நாடு 1997-லேயே ஒரு சட்டம் போட்டது, நாட்டிலேயே முதல் மாநிலம் என்று பெயர்தான், உள்ளே பார்த்தால் விதிவிலக்குகளே அதிகம். அது எங்கள் அலுவலகத்துக்கு வந்த நாளில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. 2005 சட்டம் வந்தபோதுதான் பீரோவில் இருந்த பழைய கோப்புகளைத் தூசி தட்டினோம், சிலவற்றைத் தேடித் தேடியும் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை.

எழுதும் முறை: "ஏன் தெருவைப் பாதியில் விட்டீர்கள்" என்று கேட்காதே. ஏன், எப்படி, நியாயமா என்று கேட்டால் "இது தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், நானே அப்படி நூறு பதில் டைப் அடித்திருக்கிறேன். பிரதி கேள். அந்தப் பணியின் மதிப்பீட்டுப் பிரதி, வேலை உத்தரவுப் பிரதி, எம் புக் என்கிற அளவுப் புத்தகப் பிரதி, பணி நிறைவுச் சான்றுப் பிரதி, பட்டியல் தொகை வழங்கிய விவரம். இதில் எம் புக்தான் உயிர். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம் அளந்தேன் என்று இன்ஜினியர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதை எடுத்துக்கொண்டு ஒரு டேப்போடு தெருவில் இறங்கினால் பேச்சே தேவையில்லை.

வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுது, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டு. காரணம் எழுதத் தேவையில்லை, பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது. ஆபீஸ் மாறிப்போனால் அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள், நேரில் கொடுத்தால் உன் பிரதியில் முத்திரை வாங்காமல் நகராதே. 30 நாள் கெடு. பதில் வரவில்லை அல்லது அரைகுறையாக வந்தது என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் ஆகவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அலுவலர் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆணையம் இந்த அபராதத்தைப் போடுவது அபூர்வம், ஆனால் பயம் அபூர்வமில்லை. யாருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்கிற நிலைமைக்கு அது.

ஒன்று மட்டும் இப்போது கஷ்டமாகிவிட்டது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தியிருக்கிறார்கள். முன்பு தனிநபர் விவரமாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் கொடு என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது "தனிநபர் தகவல்" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்த வழி கிடைத்துவிட்டது. எனவே ஆள் பெயரைக் கேட்காமல் வேலையைக் கேள், தொகையைக் கேள், அளவைக் கேள்.

முன்னாள்_வார்டு_அக்கா:

நான் வார்டு உறுப்பினராக இருந்தவள். எங்களுடையது உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை என்றாலும் கிராம சபை இருக்கிறது. அதற்குப் பதவிக்காலம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். ஜெராக்ஸ் கடைத் தம்பி, நீயும் உன் மனைவியும் உன் அப்பாவும் சேர்த்துத்தான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்துக்கு ஆறு நாள். இதில் எத்தனை நாள் போயிருக்கிறாய்? குத்திக்காட்டவில்லை, உறுப்பினராகும் வரைக்கும் நானும் போனதில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அக்டோபர் 2, காலை 11 மணி, பள்ளிக்கூட மரத்தடி. குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை) வரவேண்டும் என்று நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை அப்படியே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் மக்கள்தொகைக்கு 200 பேர் இருக்க வேண்டும். 500 பேருக்குள் உள்ள ஊருக்கு 50, மூவாயிரம் வரைக்கும் 100, பத்தாயிரம் வரைக்கும் 200, அதற்கு மேல் 300. கிளர்க் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து எல்லோரிடமும் கையெழுத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டே போகிறார். எட்டிப் பார்த்தேன். மேலே நாலு பக்கம் வெறுமையாக இருக்கிறது. தீர்மானத்தைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்களாம், "எப்பவும் இப்படித்தானேம்மா" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, பாவம், ஒரே ஆள் மூன்று ஊராட்சி பார்க்கிறார்.

எனக்கும் பயம்தான். எழுந்து நின்றால் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த கை நடுங்குகிறது. "அண்ணே, தீர்மானத்தை எழுதிப் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறோம்" என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு பாட்டி, "ஆமா, என்னத்துக்குக் கைநாட்டு வைக்கிறேன்னு எனக்கும் தெரியட்டும்" என்றார். அவ்வளவுதான், கூட்டமே பிடித்துக்கொண்டது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது எழுதி முடிக்க, வெயில் வேறு. எங்கள் குடிநீர்க் குழாய்த் தீர்மானத்தைச் சேர்த்தபின்தான் கையெழுத்து. பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

குழாய் வந்ததா என்றால், பாதி வந்தது. ஆனால் அதற்கப்புறம் எங்கள் ஊரில் யாரும் வெற்றுத்தாளில் கைநாட்டு வைப்பதில்லை.

டெல்டாவில் ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று ஊர் ஊராகத் தீர்மானம் போட்டது நினைவிருக்கும். தீர்மானம் போட்டதும் திட்டம் நின்றுவிடவில்லை, ஆனால் பின்னால் பேசியவர்கள் எல்லோரும் கையில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

உன் தெருவைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கேள். தனியாக எழுந்து நிற்காதே. நீ கேட்டதும் எழுந்து நிற்பதற்கு நாலு பேரிடம் முந்தின நாள் சொல்லி வை, அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். பெண்கள் கேட்டால் "கட்சிக்காரன் தூண்டிவிட்டான்" என்று சொல்வது அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

பட்டியல்_டீச்சர்:

வெறுத்தவன் கடைசியில் சொன்னாரே, "பேர் லிஸ்ட்ல இருந்தாத்தான்" என்று, அதற்கு மட்டும் வந்தேன். நான் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலை பார்த்த ஆசிரியை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடு வீடாகப் படிவம் கொடுத்தோம். பூட்டியிருந்த வீடு, திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போனவர்கள், மருமகளாகி வேறு ஊர் போன பெண்கள், இவர்கள் பெயர்தான் முதலில் ஆட்டம் காணும். பீகாரில் இதே வேலை நடந்தபோது வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர் இல்லை. யார் யாரை எடுத்தீர்கள், என்ன காரணம் என்று பெயரோடு வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அந்த விவரம் வெளியே வந்தது.

வரைவுப் பட்டியல் வரும்போது உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், தெருவையே வாசியுங்கள். இருக்கிற ஆளை இல்லை என்று நீக்கியிருந்தால் அவருக்கே தெரியாமல் இருக்கும். சேர்க்கப் படிவம் 6, திருத்தவும் இடம் மாற்றவும் படிவம் 8, நீக்கச் சொல்லிக் கொடுப்பது படிவம் 7. பொய்யாகப் படிவம் 7 கொடுப்பது குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. எங்கள் பகுதியில் ஒரு இஸ்திரிக் கடைக்காரர் துணி கொடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் பட்டியலைக் காட்டிக் கேட்டுவிட்டு வந்தார். நான் நாலு நாள் அலைந்திருப்பேன், அவர் ஒன்றரை நாளில் முடித்துவிட்டார்.

வெறுத்தவன்:

சரி, மாமாகிட்ட இதைக் காட்டினேன். "ஏழு பேருக்கு நான் எங்க போவேன்"னு கேட்கிறார். அதுதானே பிரச்சினை. பயமில்லாத ஏழு பேர் இருந்தா அந்த ஊர்ல இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே.

ஓய்வூதியர்_பழைய_கிளார்க்:

பயமில்லாத ஏழு பேர் எந்த ஊரிலும் கிடையாது. பயந்த ஏழு பேர் போதும். மாமாவைப் பெட்டிக்கடைக்குக் கடன் சொல்கிறவர்களிடமிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஜூனியர் சார் சொன்னபடி சி.எஸ்.ஆர் எண் கேட்கப் போனேன். தனியாகப் போகவில்லை, ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரையும் எதிர்வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு காலை பத்தரைக்குப் போனேன். பெஞ்ச் அதே பெஞ்ச்தான், ஆனால் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். எண் கிடையாது. "அது சும்மா ஓரல் கம்ப்ளைன்ட்டுப்பா, முடிஞ்சு போச்சு" என்றார். நான் கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்டேன். கொஞ்சம் தேடிவிட்டு, அட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். பிரதி தரவில்லை, படிக்க மட்டும் விட்டார். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது, "இனி ஊராட்சிப் பணிகள் குறித்து சமூக வலைத்தளங்களில் எவ்விதப் பதிவும் இட மாட்டேன் என உறுதி கூறுகிறேன்." எவ்விதப் பதிவும்! வாத்தியார் அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்தார், பாடம் நடத்துகிற மாதிரியே. இன்ஸ்பெக்டர் அறைப் பக்கமிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் எதிர்வீட்டு அக்காவுக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது, எனக்கும்தான். டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தோம்.

கேமரா பதிவு பற்றி எஸ்.பி. அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாயிற்று, பதில் இல்லை, ரசீது இருக்கிறது. அந்தத் தாளில் இருப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே தேதி நேரத்தோடு எழுதியிருக்கிறேன்.

எம் புக் கேட்டு ஏழு பேர் கிடைக்கவில்லை, நாலு பேர் எழுதியிருக்கிறோம். நான், வாத்தியார், எதிர்வீட்டு அக்கா. நாலாவது கையெழுத்து என் மனைவியுடையது. குழுவைக் கலைக்கச் சொன்னவள்தான், "எம் பேர்ல எழுது, ஆனா நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்றாள், என்னைக் குத்துவதற்காகவே. நான்கையும் வெவ்வேறு நாளில் அனுப்பினோம். குழுவில் இப்போது 176 பேர் இருக்கிறார்கள், போனவர்களில் ஐந்தாறு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள், யாரும் எதுவும் பேசவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பலகைக்கு அடித்த வெள்ளை மழையில் கரைந்து 4,80 வரைக்கும் மறுபடியும் தெரிகிறது.

அப்பா இன்னும் பேசவில்லை. ஆனால் போன வாரம் கட்டுமானச் சாமானுக்குள்ளிருந்து அவருடைய 30 மீட்டர் டேப்பை எடுத்துக் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் கொத்தனார்.

கிளார்க் ஐயாவிடம் ஒரு சந்தேகம். வாத்தியாருடைய மனுவுக்கு நாளையோடு 30 நாள் முடிகிறது. முதல் மேல்முறையீட்டுக்கும் பத்து ரூபாய் வில்லை ஒட்ட வேண்டுமா?

ஓய்வூதியர்_பழைய_கிளார்க்:

வேண்டாம் தம்பி. முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. மூல மனுவின் பிரதியையும் தபால் ரசீதின் பிரதியையும் மட்டும் சேர்த்து வை, அந்த ஜெராக்ஸுக்கு நீயே காசு வாங்கிக்கொள்ளாதே.